அரசு இணையதளம் திறக்கவில்லை. அப்பாவின் நிலம் கைவிட்டுப் போய்விடுமா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் மாற்றியும் சுருக்கித் தருகிறேன். எந்த மாநிலத்தின் எந்தத் துறைத் தளம் என்பதையும் எடுத்துவிட்டேன். எல்லைக்கு இரண்டு பக்கமும் வழக்கு நடத்துகிறவன் நான். இந்தக் கதை இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

அவர் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் பால் வண்டி ஓட்டுகிறார். தை மாதம் அவருடைய அப்பா காலமானார். அம்மா இருக்கிறார், ஒரு தம்பி, ஒரு தங்கை. பொள்ளாச்சிப் பக்கம் அப்பா தன் பெயரில் கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. பட்டா மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட வேண்டும் என்றார்களாம். பதினொரு நாட்களாக முயன்றிருக்கிறார். மூன்று பக்கம் நிரப்பி முடிப்பதற்குள் தளம் அவரை வெளியே தள்ளிவிடுகிறது. ஓடிபி வரும்போது நேரம் முடிந்துவிடுகிறது. ஆவணத்தை ஸ்கேன் செய்தால் அளவு கூடுதல் என்கிறது. குறைத்தால் எழுத்து தெரியவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. ஒருவழியாக விண்ணப்பம் ஏறியது. நான்காம் நாள் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று நிராகரிப்பு வந்தது.

கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், “இந்தத் தளத்தை ஒரே வாரத்தில் நான் எழுதிவிடுவேன், இவர்கள் வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள்” என்கிறான். தளத்தின் முகவரியில் இருந்த விண்ணப்ப எண்ணை அவன் மாற்றிப் பார்த்திருக்கிறான். முன்பின் தெரியாத ஒருவரின் சான்றிதழ் திறந்திருக்கிறது. அதை வெளியில் போட்டு அரசின் கண்ணைத் திறக்கப்போவதாகச் சொல்கிறானாம். இதற்கிடையில் ஒரு தரகர் 6,000 ரூபாய் கேட்கிறார். பெரியப்பாவோ, “சான்று வராவிட்டால் தோப்பு எங்கள் வகையறாவுக்குத்தான்” என்கிறார். சகோதரியின் கேள்விகள் இவை: அரசாங்கத்துக்கு ஒரு தளத்தை ஒழுங்காகச் செய்யத் தெரியாதா? தரகர்களுக்காகவே கெடுத்து வைத்திருக்கிறார்களா? உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா? நிலம் போய்விடுமா?

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். நிலம் போகாது. வாரிசுச் சான்று உரிமையைக் கொடுக்கும் ஆவணம் அன்று. யார் யார் வாரிசுகள் என்று அரசு எழுதித் தரும் ஒரு பட்டியல் மட்டுமே. உயில் எழுதாமல் இறந்தவர் சொந்தமாக வாங்கிய சொத்தின் உரிமை, அவர் இறந்த கணத்திலேயே வாரிசுகளுக்கு வந்துவிடுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும்தான். இவர்களில் ஒருவர் இருக்கும்வரை இறந்தவரின் அண்ணனுக்கு அந்தச் சொத்தில் இடமில்லை. நீங்களும் தங்கையும் தம்பிக்குச் சமமான பங்காளிகள். சான்று ஆறு மாதம் தாமதமானாலும் இதில் ஓர் எழுத்து மாறாது. பெரியப்பாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கிரயப் பத்திரத்தின் மூலத்தை அம்மாவிடம் கொடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து வையுங்கள்.

தளங்கள் ஏன் இப்படி இருக்கின்றன

இதற்கு நான் வழக்கறிஞனாக மட்டும் பதில் சொல்லவில்லை. கறுப்பு அங்கி போடுவதற்கு முன் எட்டு ஆண்டுகள், அரசு அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் கோபத்தை மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதனால் உங்கள் மகன் சொல்வதில் எது சரி, எது தவறு என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ஒரு வாரத்தில் எழுதிவிடலாம் என்பது உண்மைதான். திரையில் தெரியும் படிவத்தை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் படிவத்துக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு தணிக்கை இருக்கிறது, வில்லேஜ் ஆபீஸில் ஒரு பழைய கணினி இருக்கிறது. இந்த நான்கில் எதையும் உங்கள் மகனால் ஒரு வாரத்தில் மாற்ற முடியாது. துறைச் செயலாளராலும் முடியாது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு துறையின் தளத்தில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. பெயர்ப் பெட்டிக்குப் பின்னால் இருந்த தரவுத்தளத்தில் 30 பைட் இடம்தான் விட்டிருந்தார்கள். ஆங்கிலப் பெயருக்கு அது 30 எழுத்து, தாராளம். தமிழுக்குக் கணக்கு வேறு. ‘பழனிச்சாமி’ நமக்கு ஆறு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் ப, ழ, ன, இகரக் கொக்கி, ச, புள்ளி, ச, துணைக்கால், ம, மறுபடி கொக்கி என்று பத்துக் குறிகள். வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆக, பழனிச்சாமி என்ற பெயர் மட்டுமே 30 பைட்டையும் நிரப்பிவிடும். முன்னால் ‘கு.’ என்று தலைப்பெழுத்தைச் சேர்த்தால் கடைசி எழுத்துகள் விழுந்துவிடும். இப்படி ‘கு.பழனிச்ச’ என்று அச்சான சான்றிதழோடு ஒரு பெரியவர் வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியை அகலப்படுத்த நிரல் எழுத்தாளருக்கு அரை நாள் போதும். நடந்தது என்ன தெரியுமா? ஒப்பந்தத்தில் இந்த மாற்றம் இல்லை என்று நிறுவனம் சொன்னது. மதிப்பீடு கேட்டுத் துறை எழுதியது. நிதிப் பிரிவின் இசைவு வேண்டியிருந்தது. மாற்றிய நிரலை மறுபடி பாதுகாப்புத் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும். சான்றிதழின் அச்சு வடிவம் அரசாணையின் இணைப்பில் இருந்ததால் அதற்கு ஒரு கோப்பு தனியாக ஓடியது. பதினான்கு மாதம் ஆயிற்று. அந்த அலுவலகத்தில் சோம்பேறிகள் இல்லை. லஞ்சம் வாங்கியவரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் மேசைக்கு வந்ததை விதிப்படி அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள்.

டெண்டர் முறைதான் பெரிய முடிச்சு. பள்ளிக் கட்டடம் கட்டுவதைப் போலவே தளத்தையும் வாங்குகிறார்கள். என்ன வேண்டும் என்று முதல் நாளே எழுதி முடித்து, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவரிடம் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். எழுதியதற்கும் தளம் திறப்பதற்கும் நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கும். திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கும்; அடுத்த ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்குக் கொஞ்சம்தான் ஒதுக்கியிருப்பார்கள். கட்டடத்துக்கு வெள்ளையடிக்காவிட்டால் நிறம் மங்கும், அவ்வளவே. மென்பொருளைத் தொடாமல் விட்டால், உலாவியும் போனும் முன்னேறிப் போய்விட, அது பின்னால் நின்றுவிடும். ஒப்பந்தம் முடிந்து எழுதியவர்கள் போன பிறகு உள்ளே கை வைக்க யாருக்கும் தைரியம் வராது. உங்கள் மகன் பார்த்தது இப்படி நின்றுபோன ஒரு வீடாகத்தான் இருக்கும்.

பாதுகாப்புத் தணிக்கை வேறு விஷயம். அரசுத் தளத்தைப் பொதுவெளியில் ஏற்றுவதற்கு முன் செர்ட்-இன் என்னும் மத்திய அமைப்பின் பட்டியலில் உள்ள தணிக்கையாளர் ஒருவர் சோதித்துச் சான்று தர வேண்டும். நல்ல விதி, வேண்டிய விதி. அதன் பக்கவிளைவாக, சின்னச் சின்னத் திருத்தங்களைத் தனித்தனியே செய்யாமல் சேர்த்து வைத்து ஒரேயடியாகச் செய்வது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரே அடி பல நேரம் விழுவதே இல்லை.

நீங்கள் பார்ப்பது தளத்தின் முன்வாசல். பின்வாசலில் தாசில்தார் டிஜிட்டல் கையொப்பம் போடுகிறார். யுஎஸ்பியில் செருகும் அந்தக் கையொப்பச் சாவி பல இடங்களில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்னும் பழைய உலாவியையும் ஜாவா மென்பொருளையும் நம்பியே எழுதப்பட்டது. 2015இல் குரோம் உலாவி அந்த வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டது. 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரருக்கே விடை கொடுத்தது. முன்வாசலைப் புதுப்பித்தால் பின்வாசலில் கையொப்பம் விழாது என்ற பயத்தில் பழையதையே பிடித்துக்கொண்டிருந்த அலுவலகங்கள் உண்டு. இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயும் அன்று. உலகிலேயே வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்றான தென்கொரியாவில், மின்கையொப்பச் சட்டமும் அதையொட்டிய முறைகளும் மக்களை எக்ஸ்ப்ளோரரோடு கட்டிப்போட்டன. அந்தக் கையொப்பச் சான்றிதழ் முறையின் தனிச்சலுகை 2020 டிசம்பரில்தான் நீங்கியது. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று பெருஞ்செலவில் திறந்த மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் முதல் நாள் பதிவு முடித்தவர்கள் ஆறே பேர். இங்கிலாந்து மட்டும் வேறு வழி பிடித்தது. 2011இல் அரசுக்குள்ளேயே தளம் எழுதும் குழு ஒன்றை உண்டாக்கி, 2012 அக்டோபரில் துறைத் தளங்களுக்கெல்லாம் பொதுவான ஒரே தளத்தைத் திறந்தது. தளத்தை ஒருமுறை வாங்கிப் போடும் பொருளாக நினைக்காமல், அன்றாடம் பார்க்க வேண்டிய வேலையாக வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் முடியும் என்பதற்கு யுபிஐ சாட்சி, டிஜிலாக்கர் சாட்சி. ஆள், பணம், தொடர்ந்த கவனிப்பு மூன்றும் இருக்கும் இடத்தில் நடக்கிறது. வாரிசுச் சான்று போன்ற வேலைகளுக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. தீர்மானிக்கும் இடத்தில் உள்ளவர்கள் தங்கள் கையால் அந்தப் படிவத்தை ஒருமுறைகூட நிரப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதே என் எண்ணம். நிரப்பியிருந்தால் மூன்று பக்கத்துக்கு நடுவில் ஒருவரை வெளியே தள்ளும் தளத்தை ஒரு நாளும் அனுமதித்திருக்க மாட்டார்கள்.

தரகர்களுக்காகவே கெடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் இல்லை. கெட்டுக் கிடப்பதைத் தரகர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இந்த வித்தியாசம் முக்கியம். சதி என்று நினைத்தால் போராட எதிரியைத் தேடுவீர்கள். எதிரில் ஆள் இருக்க மாட்டார். தளம் பழையதாகத் தெரிகிறது என்பதற்காகவும் வருத்தப்படாதீர்கள். எளிய பக்கம் பழைய போனிலும் மெதுவான சிக்னலிலும் திறக்கும். எல்லையில் வேலந்தாவளத்தைத் தாண்டும்போது சிக்னல் எப்படித் தடுமாறும் என்று உங்களுக்கே தெரியும். தோற்றம் பழையதாக இருப்பதை நான் குறையாகவே எண்ணவில்லை. பாதியில் வெளியே தள்ளுவதும், நம் பெயர்களைப் புரிந்துகொள்ளாததும்தான் குறை.

‘பெயர் பொருந்தவில்லை’ என்பதன் பொருள்

உங்கள் நிராகரிப்புக்குக் காரணம் தளமே அன்று என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் பெயரில் ‘ழ’ வருகிறது. பொள்ளாச்சிக் கிரயப் பத்திரத்தோடு உள்ள ஆவணத்தில் ஆங்கிலத்தில் அது ‘எல்’ என்ற ஓர் எழுத்து. கேரள ரேஷன் கார்டில் அதே ‘ழ’ ‘இசட், எச்’ என்ற இரண்டு எழுத்து. ‘சாமி’ ஓரிடத்தில் ‘ஸ்வாமி’ ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டு ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னால். மற்றதில் ஊர்ப்பெயரோடு பின்னால். நமக்கு ஒரே ஆள். கணினிக்கு இரண்டு பேர்.

எல்லைப்புறத் தமிழர்களுக்கு இது பரம்பரைத் துன்பம். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டம். பக்கத்துச் சித்தூர் பழைய கொச்சி அரசின் பகுதி. பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டம். மூன்றுக்கும் பதிவேட்டு மரபு வேறு. அதனால்தான் கேரளப் பக்கம் தண்டப்பேர் எண் (நில வரிக் கணக்கு எண்) கேட்கிறார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா எண், புல எண் கேட்கிறார்கள். இரண்டு மாநிலத் தளங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, யூனிகோடு வருவதற்கு முன் தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் ஏற்றிய பதிவுகள் ஏராளம். அரசுப் பணிக்கு யூனிகோடு என்று தமிழ்நாடு ஆணையிட்டது 2010இல். பழையதை மாற்றும்போது எழுத்துகள் சிதைந்த பெயர்கள் இன்றும் பதிவேடுகளில் கிடக்கின்றன.

இதற்குத் தீர்வு இருக்கிறது. கேரள வருவாய்த் துறை ‘வன் அண்ட் சேம்’ சான்று என்று ஒன்று தருகிறது. இரண்டு வகையாக எழுதப்பட்ட பெயர்கள் ஒரே ஆளுடையவை என்று சொல்வது அது. அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். மலப்புறத்தில் 2002இல் தொடங்கிய அக்ஷயா மையங்கள் இப்படிப்பட்ட வேலைக்காகவே இருப்பவை. கட்டண அட்டவணையைச் சுவரில் பாருங்கள். அதோடு அம்மா, நீங்கள், தங்கை, தம்பி நால்வரும் சேர்ந்து ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்குங்கள். அதில் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒன்றுவிடாமல் குறிப்பிடுங்கள். இந்த இரண்டையும் இணைத்து மறுபடி விண்ணப்பித்தால் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும்.

ஸ்கேன் விஷயம் சின்னது. போனில் வண்ணப் படம் எடுத்துச் சுருக்காதீர்கள். கறுப்பு வெள்ளையில், ஸ்கேனரிலேயே குறைந்த தெளிவில் எடுக்கச் சொல்லுங்கள். எழுத்தும் தெரியும், அளவும் குறையும். விடிகாலையில் முயலுங்கள்.

மகன் செய்ததைப் பற்றி

இந்தப் பகுதியை அவனை உட்காரவைத்துப் படித்துக்காட்டுங்கள். தம்பி, உன் கூர்மை நல்லது. நீ கண்டது உண்மையான ஓட்டை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீட்டு விவரம் அதன் வழியே வெளியே போகலாம். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, அனுமதியின்றிக் கணினி அமைப்புக்குள் நுழைவதையும் தரவை எடுப்பதையும் தவறு என்கிறது. இழப்பீடு கேட்க இடம் தருகிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உன் எண்ணம் நேர்மையானது என்று எனக்குத் தெரிகிறது. நண்பர்கள் குழுவில் அடுத்தவரின் சான்றிதழைப் போட்டுவிட்டால் அதை நீதிமன்றத்தில் விளக்க வேண்டியவன் நீ.

அதனால் இத்துடன் நிறுத்து. இன்னொரு எண்ணை மாற்றிப் பார்க்காதே. நிரல் எழுதி நூறு எண்களைச் சோதிக்காதே. பார்த்த சான்றிதழைச் சேமித்திருந்தால் அழித்துவிடு. எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில், என்ன செய்தபோது என்ன தெரிந்தது என்று நிதானமாக எழுதி செர்ட்-இன் அமைப்புக்கும் துறைக்கும் மின்னஞ்சல் அனுப்பு. இப்படிப்பட்ட குறைபாடுகளைப் பெற்று நடவடிக்கை எடுப்பது செர்ட்-இன்னின் வேலை. பரிசு எதுவும் கேட்காதே. அனுப்பிய கடிதத்தின் நகலை அம்மாவிடம் கொடு.

தரகருக்கு என்ன பதில்

மறுத்துவிடுங்கள், சகோதரி. அந்த 6,000 ரூபாயில் ஒரு பங்கு ஊழியருக்குப் போகிறது என்று தெரிந்து கொடுத்தால், கொடுப்பவரும் குற்றவாளி. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் அப்படித் திருத்தப்பட்டிருக்கிறது. கட்டாயத்தின்பேரில் கொடுத்திருந்தால் ஏழு நாட்களுக்குள் புகார் தந்தால்தான் பாதுகாப்பு. அதைவிடப் பெரிய ஆபத்து, அவர் உங்கள் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கேட்பது. ஓடிபியைச் சொல்வது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அதை யாரிடமும் சொல்லாதீர்கள். தரகர் அனுப்பிய லிங்க்கில் நுழையவும் வேண்டாம். அரசுத் தளம் என்றால் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள்.

வழக்குப் போடலாமா

தளத்தைச் சீர்செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். நீதிமன்றங்கள் இதில் காது கொடுக்காமல் இல்லை. கொரோனா தடுப்பூசிக் காலத்தில், முன்பதிவுக்கான கோவின் தளத்தை மட்டும் நம்பினால் இணையம் எட்டாதவர்கள் என்ன செய்வார்கள் என்று 2021 மே 31 உத்தரவில் உச்ச நீதிமன்றம் கேட்டது. அதன்பின் அந்தத் தளத்தில் மாநில மொழிகள் சேர்ந்தன, தமிழும் வந்தது. 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்தது. பார்வையற்றவர்களும் அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் தொடுத்த வழக்கு அது. அரசுத் தளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகள் 2009 முதலே இருக்கின்றன. பின்னர் அவற்றைத் திருத்தினார்கள்.

ஆனாலும் உங்களுக்கு நான் அந்த வழக்கைச் சொல்ல மாட்டேன். அது ஆண்டுக்கணக்கில் போகும். உங்களுக்கு வேண்டியது ஒரு சான்று. உங்கள் உரிமை சேவையின் மேல் இருக்கிறது. தளம் அதற்கு ஒரு வாசல் மட்டுமே. அந்த வாசல் அடைத்துக்கொண்டால் தபால் வாசல் இருக்கிறது. அதில் இப்படி நுழையுங்கள்.

முதலில் தாசில்தாருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். எந்தெந்தத் தேதியில் முயன்றீர்கள், திரையில் என்ன வந்தது, விண்ணப்ப எண் என்ன, நிராகரிப்புக்கு உங்கள் விளக்கம் என்ன என்பவை போதும். திரையின் படங்களை அச்செடுத்து இணையுங்கள். தேதியும் நேரமும் தெரியட்டும். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறைதீர்ப்பு மனுவை அந்த மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது. ஆகவே தமிழில் எழுதுங்கள், தயக்கம் வேண்டாம். கேரள அலுவலகம் என்றால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு சுருக்கம் இணைத்தால் வேலை விரைவாக நடக்கும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ‘ஆன்லைனில் மட்டும்தான்’ என்று வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தகவல் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. என் விண்ணப்பம் இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, எந்த விதியின்படி நிராகரித்தீர்கள், அந்த அரசாணையின் நகல் தருக என்று கேளுங்கள். விருப்பமிருந்தால் தளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தின் காலமும் தொகையும் என்ன என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த வரிக்கு வரும் பதில் உங்கள் மகனின் கேள்விக்கும் பதிலாக இருக்கும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் இந்த மனு போய்ச் சேர்ந்ததுமே கோப்பு நகர்ந்துவிடும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கேரள அலுவலகம் என்றால் சேவை உரிமைச் சட்டப்படி மேல்முறையீட்டு அலுவலரிடமும் போகலாம். தாமதத்துக்குப் பொறுப்பான ஊழியருக்குத் தண்டத்தொகை விதிக்க அதில் இடமுண்டு. இதற்கும் அசையாவிட்டால்தான் உயர் நீதிமன்றம். அப்போதும் கேட்பது சின்னது: “என் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள்.” இப்படிப்பட்ட மனுக்கள் பல நேரம் முதல் விசாரணையிலேயே முடிந்துவிடும். வக்கீல் கட்டணம் உங்களுக்குச் சுமை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். பெண் என்ற முறையில் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஸ்பீடு போஸ்ட் ரசீது வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தத் தாளில் மை சில மாதங்களில் மங்கிவிடும். நீங்கள் மனு அனுப்பிய தேதிக்கு அது ஒன்றுதான் சாட்சி.